செய்தவன் போன பிறகு

கனடாவின் வடக்கே கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் யெல்லோநைஃப் என்றொரு சிறு நகரம். அதன் எல்லையில் ஜயன்ட் மைன் என்ற பழைய தங்கச் சுரங்கம் இருக்கிறது. 1948-இல் அங்கே முதல் தங்கக் கட்டியை வார்த்தார்கள். 2004-இல் வேலை முற்றாக நின்றது. இடையில் எழுபது லட்சம் அவுன்ஸ் தங்கம் வெளியே போனது. உள்ளே தங்கிவிட்டது 2,37,000 டன் ஆர்சனிக் ட்ரையாக்சைடு. நம்மூர் வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதே சரக்குதான். தூளாக, தண்ணீரில் கரையக்கூடியதாக, நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. அணுக்கழிவுக்காவது அரை ஆயுள் என்று ஒன்று உண்டு; காத்திருந்தால் வீரியம் குறையும். ஆர்சனிக் ஒரு தனிமம். அதற்கு வயதாவதில்லை.

இத்தனை நஞ்சு எப்படிச் சேர்ந்தது? அங்கே தங்கம் ஆர்சனோபைரைட் என்ற தாதுவுக்குள் சிக்கிக் கிடந்தது. தாதுவை வறுத்தால்தான் தங்கம் பிரியும். வறுத்தால் ஆர்சனிக் புகையாகக் கிளம்பும். முதல் சில ஆண்டுகள் அந்தப் புகையை அப்படியே வானத்தில் விட்டார்கள். அது பனியோடு சேர்ந்து ஊர்மேல் இறங்கியது. பனியை உருக்கித்தான் டெனே பழங்குடி மக்கள் குடித்தார்கள். 1951-இல் அவர்களுடைய குழந்தை ஒன்று ஆர்சனிக் நஞ்சால் இறந்தது. குடும்பத்துக்கு நிறுவனம் கொடுத்த தொகை 750 டாலர். அதன்பிறகு தூசியைப் பிடிக்கும் கருவி வந்தது. பிடித்த தூசியைச் சுரங்கத்துக்குள்ளேயே கொட்டினார்கள். நிலம் நிரந்தரமாக உறைந்திருக்கும் பகுதி, ஆகவே நஞ்சும் உறைந்து கிடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். தோண்டத் தோண்ட அந்த உறைபனியே இளகிவிட்டது.

பால்கன்பிரிட்ஜ், பாமூர், ராயல் ஓக் என்று சுரங்கம் கை மாறிக்கொண்டே வந்தது. 1999-இல் ராயல் ஓக் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அடுத்து வாங்கிய மிராமர் நிறுவனம், பழைய நஞ்சுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தது. சுமை கனடா அரசின் தலையில் விழுந்தது. சுத்தம் செய்ய ஆகும் செலவு 438 கோடி கனடா டாலர் என்று 2022-இல் கணக்கிட்டார்கள். இந்தப் பணத்தைக் கட்டப்போகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தங்கத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத வரிகட்டுவோர்.

இதைப் பொருளாதாரக் கேள்வியாகவும் சட்டக் கேள்வியாகவும் பலர் பேசிவிட்டார்கள். அடியில் கிடப்பதோ சமயங்கள் மிகப் பழங்காலத்திலேயே கையில் எடுத்த கேள்வி: வினையைச் செய்தவன் இல்லாமல் போனால் பயனை யார் சுமப்பது?

இந்திய மரபின் வினைக்கோட்பாடு ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. செய்தவன் தப்ப முடியாது. இந்தப் பிறவியில் தப்பினால் அடுத்ததில் மாட்டுவான். உயிர் தொடர்கிறது, கணக்கும் தொடர்கிறது. ஆனால் லிமிடெட் கம்பெனி என்ற உயிரினத்தை எந்த ஆசாரியரும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறப்பு உண்டு, பெயர் உண்டு, சொத்து உண்டு, வழக்காடும் உரிமை உண்டு. சாவும் உண்டு. மறுபிறவிகூட உண்டு, வேறு பெயரில், வேறு ஊரில், அதே இயக்குநர்களோடு பிறந்துகொள்ளலாம். பழைய கணக்கு மட்டும் கூடவே வராது. எமனுக்கே இப்படியொரு கட்சிக்காரர் வாய்த்திருக்க மாட்டார்.

கணக்குத் தொடர்வதற்கு நிலையான ஆன்மா வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. பௌத்தர் ஆன்மாவையே மறுத்தவர்கள். அப்படியானால் செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவன் என்று ஆகிவிடாதா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கிரேக்க அரசன் மெனாண்டருக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாகச் சொல்லப்படும் 'மிலிந்தன் கேள்விகள்' என்ற பாலி நூலில் இதற்கு ஒரு கதை உண்டு. ஒருவன் மாடியில் விளக்கேற்றி வைத்துச் சாப்பிடுகிறான். விளக்கிலிருந்து கூரையில் தீப்பிடிக்கிறது. வீடு எரிந்து ஊரே எரிகிறது. ஊரார் பிடித்துக் கேட்டால், நான் ஏற்றியது விளக்குத் தீ, ஊரை எரித்தது வேறு தீ என்கிறான். அவன் வாதம் செல்லுமா என்று நாகசேனர் கேட்க, செல்லாது, இந்தத் தீ அந்தத் தீயிலிருந்து வந்ததுதானே என்கிறான் அரசன்.

ராயல் ஓக்கின் திவால் மனுவையும் மிராமரின் ஒப்பந்தத்தையும் இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தப் புகை வேறு நிறுவனத்தின் புகை, இந்தத் தூசி வேறு நிறுவனத்தின் தூசி என்பதுதான் வாதம். மெனாண்டர் ஒரு நொடியில் தள்ளிய வாதத்தை இன்றைய கம்பெனிச் சட்டம் தாம்பூலம் வைத்து ஏற்றுக்கொள்கிறது.

சமணர்களின் கருத்து இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவர்களுக்கு வினை என்பது நுண்ணிய பொருள். துகள்போல வந்து உயிரில் ஒட்டிக்கொள்வது. அது வந்து சேர்வதை ஊற்று என்றும், தவத்தால் அதைக் கழிப்பதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணர்கள் சொன்னார்கள். அவரவர் துகளை அவரவரே உதிர்க்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் செய்ய முடியாது. கேட்க மிக நேர்மையான கொள்கை. சுரங்கத்தின் துகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை என்பதுதான் சிக்கல். அது செய்தவனை விட்டுவிட்டுக் காற்று வாக்கில் இருப்பவனின் நுரையீரலில் ஒட்டுகிறது. இங்கேதான் நம் ஊரில் ஒரு குரல் எழும்: அந்த ஊரில் பிறந்தது அவர்கள் தலைவிதி. வினைக்கோட்பாட்டை வைத்து நடத்தப்பட்ட மிக மோசமான மோசடி இதுதான். செய்தவனைப் பிடிக்கப் பிறந்த கொள்கையை, பட்டவனைக் குற்றவாளியாக்கப் பயன்படுத்துவது.

குற்றவாளி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை என்பதற்கு வேல்ஸ் நாட்டில் அபெர்வான் என்ற கிராமம் சாட்சி.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை. மெர்தர் வேல் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவைக் குவித்திருந்த ஏழாம் எண் மேடு மழையில் ஊறிச் சரிந்து பேண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளிமேல் இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த மேடு மலைச்சரிவில் ஊற்றின்மேல் கொட்டப்பட்டிருந்தது. ஊற்று அங்கே இருந்தது ஊருக்கே தெரியும். சுரங்கமோ தனியாருடையது அல்ல. 1947-இல் நாட்டுடைமையாகித் தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தது. விசாரணை நடந்தது. 1967-இல் வந்த அறிக்கை வாரியத்தின்மேல் பழியை ஐயத்துக்கு இடமின்றி வைத்தது. பேர் பேராக ஊழியர்களைக் குறிப்பிட்டது. ஆனாலும் ஒருவர்மேலும் வழக்கு இல்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை. வாரியத் தலைவர் ராபென்ஸ் பிரபு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், அரசு ஏற்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் நெஞ்சைச் சுடும் பகுதி. ஊருக்கு மேலே மற்ற மேடுகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. அவற்றை அகற்றச் சொன்னார்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர். முழுச் செலவையும் தர வாரியமும் மறுத்தது, அரசும் மறுத்தது. கடைசியில், இறந்த குழந்தைகளின் குடும்பங்களுக்காக உலகெங்கும் மக்கள் அனுப்பிய நிதியிலிருந்து 1,50,000 பவுண்டை அந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். குழந்தையைக் கொன்ற கழிவை அப்புறப்படுத்த, குழந்தைக்காக வந்த இரங்கல் பணம். 1997-இல் புதிய அரசு அந்த 1,50,000 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தது. முப்பது ஆண்டு வட்டி இல்லாமல். 2007-இல் வேல்ஸ் அரசு 15 லட்சம் பவுண்டை நினைவிட அறக்கட்டளைக்கும், இன்னும் 5 லட்சம் பவுண்டை ஊரின் கல்வி அறக்கட்டளைக்கும் தந்தது. 1966-இல் எந்தப் பதவியிலும் இல்லாதவர்கள் 2007-இல் அந்தக் காசோலையில் கையெழுத்திட்டார்கள். தவறு செய்தது தாங்கள் அல்ல என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அபெர்வானில் செய்தவர் யார் என்று தெரிந்தும் அவர் செய்யவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்துச் செய்தவர்களுக்குக் குற்றத்தில் பங்கே இல்லை. ஆக, 'யார் செய்தது' என்பதும் 'யார் செய்ய வேண்டும்' என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் ஆதாயம் அடைபவர் எப்போதும் நழுவ நினைப்பவர்தான். செய்தவர் செத்துவிட்டார், ஆகவே யாரும் செய்ய வேண்டியதில்லை என்பது அவர் முடிவு.

ஜெர்மன் தத்துவவாதி கார்ல் யாஸ்பெர்ஸ் 1946-இல், தன் நாடு இடிபாடாகக் கிடந்த நேரத்தில், இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றார். சட்டக் குற்றம், அரசியல் குற்றம், ஒழுக்கக் குற்றம், அவற்றுக்கும் ஆழத்தில் மனிதன் என்ற முறையிலேயே வரும் குற்றம் என்று நான்காகப் பிரித்தார். சட்டக் குற்றமும் ஒழுக்கக் குற்றமும் தனியாளுடையவை. அரசியல் பொறுப்போ அந்த நாட்டின் குடிமகனாக இருப்பதாலேயே வந்து சேர்வது. கை கறைபடாதவருக்கும் உண்டு. பழைய ஏற்பாட்டிலும் இந்த இரண்டு குரல்களும் அருகருகே ஒலிக்கின்றன. பத்துக் கட்டளைப் பகுதியில் தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படுகிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசியோ தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று அடித்துச் சொல்கிறார். பழியைப் பொறுத்தவரை எசேக்கியேல் சொல்வது சரி. மண்ணில் கிடக்கும் நஞ்சைப் பொறுத்தவரை அவர் சொல் எடுபடாது. அது நான்காம் தலைமுறையோடு நிற்கப்போவதும் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குச் சட்டமே இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. 1977-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட நிலக்கரிச் சுரங்கச் சட்டம் ஒரு கட்டணத்தைக் கொண்டுவந்தது: திறந்தவெளியில் வெட்டும் நிலக்கரிக்கு டன்னுக்கு 35 சென்ட், நிலத்தடியில் வெட்டினால் 15 சென்ட். இன்று வெட்டுகிறவர் கட்டும் காசில், என்றோ வெட்டிவிட்டுப் போனவரின் குழி மூடப்படும். முன்னவரும் இவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒரே தொழிலில் லாபம் பார்ப்பவர் அந்தத் தொழிலின் பழைய பாக்கியையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் நியாயம். எந்தச் சாமியையும் கூப்பிடாமல், சென்ட் கணக்கில் எழுதப்பட்ட தர்மம் இது.

தங்கம், வெள்ளி போன்ற உலோகச் சுரங்கங்களுக்கு அப்படி ஒரு கட்டணம் இல்லை. அங்கே வேறொரு விபரீதம். 2015 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கொலராடோவில் கோல்ட் கிங் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தைச் சரிபார்க்கப் போன சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் அதன் வாயைத் தவறுதலாக உடைத்துவிட்டார்கள். 30 லட்சம் காலன் அமில நீர் பீறிட்டு அனிமாஸ் ஆற்றில் கலந்தது. ஆறு ஆரஞ்சு நிறமாகி, நவஹோ பழங்குடியினர் பயிர் செய்யும் நிலம்வரை போனது. சுத்தம் செய்யப் போனவரே குற்றவாளிக் கூண்டில். தண்ணீர்ச் சட்டத்தின்படி, ஒரு தொண்டு நிறுவனம் மனமுவந்து பழைய சுரங்கம் ஒன்றைத் தொட்டாலும் அதிலிருந்து வடியும் நீருக்கெல்லாம் அதுவே பொறுப்பாகிவிடும் என்ற அச்சம் பல ஆண்டுகளாக இருந்தது. தொடாதவருக்கு ஒன்றும் இல்லை, தொட்டவர் மாட்டிக்கொண்டார்.

இதை மாற்ற 2024 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் பெயரிலேயே 'நல்ல சமாரியன்' இருக்கிறார். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் குருவும் லேவியனும் விலகிப் போக, அயலானாகிய சமாரியன் நின்று காயம் கட்டிய பைபிள் கதை தமிழ் வாசகருக்குப் பழக்கம்தான். முன்பு நடந்த நாசத்தில் பங்கில்லாதவர் இந்தச் சட்டத்தின்படி அனுமதி பெற்றுச் சுத்தம் செய்யலாம். பழைய கணக்கு அவர்மேல் ஏறாது. முதல்கட்டமாகப் பதினைந்து இடங்களுக்கு மட்டும் அனுமதி. நல்ல சட்டம். ஆனால் கதையில் கள்ளர்கள் யார் என்ற கேள்வியை இயேசு கேட்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் அயலான் யார் என்பதைச் சொல்ல வந்தார். அரசு அப்படி விட்டுவிட முடியாது. சமாரியனின் தயவை நம்பிச் சாலைக்குக் காவல் போடாமல் இருப்பது ஆட்சி ஆகாது.

குற்றம் செய்யாதவருக்கும் கடமை உண்டு என்பதற்கு நம் மரபுக்குள் ஆதாரம் தேடினால் வினைக்கோட்பாட்டை விட்டு வேறு பக்கம் போக வேண்டும். தைத்திரீய சம்ஹிதை, பிராமணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது: ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, முன்னோர்களுக்கு. சதபத பிராமணம் நான்காவதாக மனிதர்களுக்குரிய கடனையும் சேர்க்கிறது. இந்தக் கடன்கள் எதுவும் தவறு செய்ததால் வந்தவை அல்ல. பெற்றுக்கொண்டதால் வந்தவை. மொழியை, அறிவை, உடம்பை, ஊரைப் பெற்றுக்கொண்டவன் திருப்பித் தர வேண்டியவனாகவே பிறக்கிறான். நூல் யாரைக் கருதி எழுதப்பட்டதோ அந்த வட்டம் மிகச் சிறியது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. கருத்தை வட்டத்திலிருந்து விடுவித்தால் சுரங்கத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. யெல்லோநைஃப் நகரமே தங்கத்தால் எழுந்தது. அதன் சாலையில் நடப்பவர் யாரும் ஆர்சனிக்கைக் கொட்டவில்லை. ஆனால் அந்தச் சாலையை எல்லாரும் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு திருத்தம் அவசியம். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் இல்லை என்று முடிந்துவிடக்கூடும். பெற்றுக்கொண்டதில் அளவு உண்டு. பங்குதாரர் பெற்றது ஒன்று, கூலிக்காரர் பெற்றது வேறு, தண்ணீரையும் மீனையும் இழந்த டெனே மக்கள் பெற்றது நஞ்சு மட்டும். கடனும் அந்த அளவிலேதான் விழ வேண்டும்.

பின்னால் பார்க்கும் கடன் இப்படி. முன்னால் பார்த்தால் இன்னும் கடினம். ஜயன்ட் மைனில் இப்போது செய்வது, நிலத்தடி அறைகளைச் சுற்றிக் குழாய்களை இறக்கி, குளிர்கால வானத்தின் குளிரை உள்ளே இழுத்து, நஞ்சை உறைய வைத்து அப்படியே வைத்திருப்பது. மின்சாரம் வேண்டாம், ஆனால் காவல் வேண்டும். எவ்வளவு காலம்? முதலில் சொன்ன பதில்: என்றென்றும். எந்த அரசும், எந்த மடமும், எந்த மொழியும் அவ்வளவு காலம் நிலைத்ததில்லை. தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1979-இல் எழுதிய பொறுப்பு பற்றிய நூலின் வாதமே இதுதான்: பழைய அறங்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்காக, இன்று கண்முன் நிற்பவருக்காக ஏற்பட்டவை, இன்றைய தொழில்நுட்பத்தின் கை, பிறக்காதவர்வரை நீள்கிறது, அறமும் அவ்வளவு தூரம் நீள வேண்டும்.

2013-இல் அங்கே திட்டத்தை ஆராய்ந்த மதிப்பாய்வு வாரியம் என்றென்றும் என்ற சொல்லை ஏற்கவில்லை. நூறு ஆண்டுக்கு மட்டும் இந்த ஏற்பாடு, இடையிடையே மறுஆய்வு, அதற்குள் நிரந்தரத் தீர்வுக்கான ஆராய்ச்சி, அரசைக் கண்காணிக்கத் தனிக் குழு என்று விதித்தது. நித்தியத்துக்கு வாக்குக் கொடுப்பதைவிட நூறு ஆண்டுக்கு வாக்குக் கொடுத்துக் காப்பாற்றுவது மேல் என்று அந்த வாரியம் கண்டது, எத்தனையோ சமயப் பெரியோர்களுக்கு வாய்க்காத அடக்கம்.

இனி கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழர்கள் உழைத்து உருவாக்கிய ஊர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன ஒடுக்கப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து மைசூர் அரசுக்கும், பிறகு மத்திய அரசுக்கும், பிறகு பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துக்கும் கை மாறி, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. நாட்டில் சுரங்கத்தை மூடுவதற்கான திட்டமும் வைப்புத்தொகையும் கட்டாயமானது 2003-இல். இரண்டே ஆண்டுகள் முந்திக்கொண்டு தங்கவயல் மூடிக்கொண்டது.

அங்கே எஞ்சியிருப்பவை சயனைடு மேடுகள். அரைத்த பாறையில் சயனைடு கரைசலை ஊற்றித் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மாவு, மலை மலையாக நிற்கிறது. சயனைடு வெயிலில் சிதைந்துவிடும்; மாவுபோன்ற சிலிக்காத் தூசி சிதையாது. காற்றுக் காலத்தில் அது குடியிருப்புகளுக்குள் வருகிறது. வேலை போனவர்களின் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய்விட்டு இருட்டியபின் திரும்புகிறார்கள். அந்த மேடுகளில் செட் போட்டு 'கே.ஜி.எஃப்' படமும் எடுத்தார்கள், கோடிகள் குவிந்தன.

2024-இல் கர்நாடக அமைச்சரவை, 1,003 ஏக்கரில் இருக்கும் பதின்மூன்று மேடுகளை மறுபடி சலித்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது. கழிவில் மிச்சத் தங்கம் இருக்கிறது என்றதும் அதற்கு உரிமையாளர் கிடைத்துவிட்டார். தங்கத்துக்கு வாரிசு என்றால் தூசிக்கும் வாரிசு. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. நாகசேனரின் தீ போல, இந்த மேட்டிலிருக்கும் தங்கமும் அந்தக் குடியிருப்பிலிருக்கும் தூசியும் ஒரே உலையிலிருந்து வந்தவை. ஆகவே அந்த வேலைக்கான ஒப்பந்தத்தில் எத்தனை கிலோ தங்கம் என்ற வரிக்கு முன்னால் மூன்று வரிகள் எழுதப்பட வேண்டும்: தூசியை அடக்கும் பொறுப்பும் அதற்கான வைப்புத்தொகையும், பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு நுரையீரல் பரிசோதனையும் சிகிச்சையும், அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டாவும். அவற்றை எழுதாமல் ஒரு வண்டி மண்ணும் அங்கிருந்து நகரக் கூடாது.